கருத்தரங்க உரைக்கு எவ்வளவு தயாரிப்பு தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாகக் கருத்தரங்க மேடை ஏறவிருப்பவர்களும், ஓரிரு முறை பேசிவிட்டு அடுத்த முறை இன்னும் செம்மையாகச் செய்ய விரும்புபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆய்வு மாநாடு, தொழில்நுட்ப மாநாடு ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

அரை மணி நேர உரைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும்?

பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத் தயாரிப்பு என்றொரு கணக்கு பேச்சாளர்களிடையே புழங்குகிறது. அது யாரும் அளந்து நிறுவிய விதியல்ல. ஆனாலும் புதிதாக உருவாக்கும் உரையைப் பொறுத்தவரை மிகையான கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பொருளில் ஆழ்ந்த பழக்கமும் மேடை அனுபவமும் உள்ளவர் 15 அல்லது 20 மணி நேரத்தில் முடித்துவிடலாம். நேரடி டெமோ, புதிதாக வரைய வேண்டிய படங்கள், முன்பின் அறியாத அவை ஆகியவை சேர்ந்துகொண்டால் அதே உரை 50 மணி நேரத்தைத் தாண்டிப் போவதும் உண்டு. ஆய்வைச் செய்வதற்கோ மென்பொருளை உருவாக்குவதற்கோ ஆன மாதங்கள் இதில் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்து முடித்த வேலையைப் பிறர் ஒரே தடவை கேட்டுப் புரிந்துகொள்ளும் வடிவத்துக்குக் கொண்டுவரும் உழைப்பு மட்டுமே இங்கே கணக்கில் வருகிறது.

அவ்வளவு நேரமும் ஸ்லைடு செய்வதற்கா போகிறது?

பலருக்கு அப்படித்தான் போகிறது. ஆனால் அப்படிப் போகக் கூடாது என்பதே என் கருத்து. எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்வதும், முடிவு செய்ததை வாய்விட்டுப் பேசிப் பார்த்துத் திருத்துவதும்தான் உண்மையான தயாரிப்பு. ஸ்லைடு இவ்விரண்டுக்கும் இடையில் வரும் வேலை. அது கண்ணுக்குத் தெரியும்படி வளர்வதால், எண்ணிக்கை கூடக்கூட உரையும் உருவாகிவருகிறது என்ற நிறைவைத் தந்துவிடுகிறது. அம்புக்குறியின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும் ஒரு மாலைப்பொழுதில் உரையின் மையக் கருத்து இம்மியளவும் நகர்ந்திருக்காது. முதல் நாளே பவர்பாயிண்டைத் திறக்காமல், ஒரு தாளில் கையால் எழுதத் தொடங்குபவருக்கு மொத்த நேரம் குறைவாகவே ஆகும்.

தயாரிப்பை எப்போது தொடங்க வேண்டும்?

என்ன பேசப்போகிறோம் என்று சில வரிகளில் எழுதும் உரைச் சுருக்கத்தை மாநாட்டுக்கு அனுப்பும் அன்றே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான மாநாடுகளில் சுருக்கத்துக்கான கடைசி நாளுக்கும் உரை நிகழும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் இருக்கும். சுருக்கம் எழுதும்போது வேலையே முடிந்திருக்காது என்பதால், வரப்போகும் முடிவை ஊகித்துத் தலைப்பு வைத்துவிடுகிறோம். தேர்வுக் குழு அந்தச் சுருக்கத்தை நம்பித்தான் இடம் கொடுக்கிறது. கேட்க வருபவர்களும் நிகழ்ச்சி நிரலில் அதைப் படித்துவிட்டுத்தான் இணையாக நடக்கும் மற்ற அமர்வுகளை விட்டு நம் அமர்வுக்கு வருகிறார்கள். ஆகவே, காப்பாற்ற முடிகிற அளவுக்கு மட்டுமே சுருக்கத்தில் வாக்குக் கொடுப்பது பின்னர் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இடையில் முடிவு மாறிவிட்டால், தலைப்பைத் திருத்த முடியுமா என்று அமைப்பாளர்களிடம் உடனே கேட்டுவிடலாம். முடியாதென்றால், எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்பதை உரையின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஏற்கப்பட்ட செய்தி வந்த பிறகு, ஆறு வாரம் முன்னதாக உட்கார்ந்தால் நிதானமாகச் செய்யலாம். நடுவில் சில நாட்கள் உரையைத் தொடாமல் விட்டுவைப்பதற்கும் அந்தக் கால அளவு இடம் தரும். விட்டு எடுத்துப் பார்க்கும்போதுதான் எந்தப் பகுதி தேவையற்றது என்பது பளிச்சென்று தெரியும்.

எதைச் சொல்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?

தயாரிப்பில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காத்திருப்பு நேரத்தைக் குறைப்பது பற்றி ஒருவர் மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு இருக்கிறது. நோயாளிகளிடம் நிரப்பி வாங்கிய வினாத்தாள்கள் இருக்கின்றன. வரிசையைக் கணினியில் போலச்செய்து பார்த்த மூன்று மாதிரிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பயன் தரவில்லை. அவருக்குக் கிடைத்திருப்பதோ 20 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் என்று பங்கு போட்டால், எல்லாவற்றையும் தொட்டதாக அவருக்குத் தோன்றும். கேட்டவருக்கோ எதுவும் மனத்தில் தங்காது.

அவர் முதலில் செய்ய வேண்டியது, அவையில் இருப்பவர் வெளியே சென்று நண்பரிடம் சொல்லக்கூடிய ஒரே வாக்கியத்தை எழுதுவது. எடுத்துக்காட்டாக: ‘எல்லோரையும் காலையிலேயே வரச் சொல்லாமல், டோக்கனை நேரம் பிரித்துக் கொடுத்தால், மருத்துவர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமலேயே காத்திருப்பைக் குறைக்கலாம்.’ இந்த வாக்கியம் கைக்கு வந்ததும், மற்ற எல்லாவற்றையும் அதன் எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு இந்த வாக்கியத்தை நம்ப வைக்க உதவுகிறதா? பெரும்பாலும் ஓரிரு ஆய்வுகளே உதவும். மற்றவை கட்டுரையில் இருக்கட்டும். வினாத்தாள் வடிவமைக்கப்பட்ட விதம்? கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். பயன் தராத இரண்டு மாதிரிகள்? அவற்றில் ஒன்று, மருத்துவரைக் கூட்டினாலும் காலை நெரிசல் குறையவில்லை என்பதைக் காட்டுமானால், அது கட்டாயம் உரையில் இடம்பெற வேண்டும். ஏனென்றால் அவையினர் மனத்தில் எழும் முதல் மறுப்பு அதுவாகத்தான் இருக்கும். இன்னொன்று, எவ்வளவு மாதம் தின்றிருந்தாலும், வெளியே போக வேண்டியதுதான். உழைத்த அளவுக்கு ஏற்ப நேரம் ஒதுக்கும் ஆசையை அடக்குவதற்குத்தான் இத்தனை நாட்கள் ஆகின்றன.

தொடக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். ‘அனைவருக்கும் வணக்கம், என் பெயர் இன்னது, இன்ன நிறுவனத்திலிருந்து வருகிறேன், முதலில் அறிமுகம், பிறகு முறையியல், பிறகு முடிவுகள்’ என்று தொடங்கினால் முதல் ஒன்றரை நிமிடம் கரைந்துவிடும்; அவற்றில் பாதியை அமர்வுத் தலைவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். அதற்குப் பதிலாக, ‘காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது, 11 மணிக்கு மருத்துவரைப் பார்க்கப்போகிற நோயாளியும் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்’ என்று தொடங்கினால், பிரச்சினை முழுவதும் ஒரே வாக்கியத்தில் அவையின் முன் வந்துவிடுகிறது.

எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?

நிமிடத்துக்கு ஒன்று என்பது மோசமான தொடக்கம் அல்ல. ஆனால் எண்ணிக்கையைவிட ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே படம் மட்டும் உள்ள ஸ்லைடு பத்து நொடியில் கடந்துவிடும். ஆறு நெடுவரிசை கொண்ட அட்டவணையை விளக்க மூன்று நிமிடம் போதாது. கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க வேண்டுமானால் எழுத்தின் அளவு 24 புள்ளிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் மட்டுமே வைத்து வேறுபாடு காட்டக் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு அவ்விரு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு, மற்ற மக்களிடையேயும் அது அரிதானதல்ல. கட்டுரையில் அச்சான வரைபடத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றும். ஆனால் படித்துப் பார்ப்பதற்காக வரைந்த படம் திரைக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. தேவையற்ற கோடுகளை நீக்கி, அச்சுகளின் பெயரைப் பெரிதாக்கி, சொல்ல வந்த வளைகோட்டை மட்டும் தடிமனாக்கி மறுபடி வரைவதற்கு ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது வீண்செலவு அல்ல.

உரை முழுவதையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டுமா?

முழுவதையும் எழுதிப் பார்ப்பதை நான் பரிந்துரைக்கிறேன். மனப்பாடம் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை. எழுதும்போதுதான் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் செல்லும் பாலம் இல்லாதது தெரியவரும். ஆனால் எழுத்து நடையை அப்படியே ஒப்பிப்பவர், நடுவில் ஒரு சொல் தவறினால் அடுத்த வாக்கியத்தைத் தேடித் தடுமாறுகிறார். முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் நெட்டுருப் போட்டுக்கொண்டு, இடைப்பட்டதைக் குறிப்புகளிலிருந்து பேசுவது பலருக்குப் பொருந்தும் நடுவழி. படபடப்பு உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு நிமிடத்தில் யோசிக்காமலே வாயில் சொல் வந்தால், மூச்சு சீராவதற்குள் உரை தடத்தில் ஏறிவிடும்.

நேரக் கணக்குக்காகச் சொற்களை எண்ணுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில உரைகளுக்கு நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் வரை என்று சொல்லப்படும் அளவைத் தமிழுக்கு அப்படியே பொருத்த முடியாது. உருபுகளும் விகுதிகளும் சேர்ந்தே ஒரு சொல்லாக அமையும் மொழியில் அதே நேரத்துக்குள் சொற்களின் எண்ணிக்கை குறைவாகவே வரும். ஒரு பக்கத்தைப் பேசும் வேகத்தில் படித்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிடுவதே பாதுகாப்பானது.

ஒத்திகை எத்தனை முறை, எப்படி?

மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகையாகாது. மனம் கடினமான வாக்கியங்களைத் தாவிச் சென்றுவிடும். வாய்தான் தடுக்கி விழும். எனவே எழுந்து நின்று, குரல் கொடுத்து, கடிகாரத்தை ஓடவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பேசிப் பார்க்க வேண்டும். முதல் தடவை நேரம் ஏறக்குறைய எல்லோருக்குமே மீறிப்போகும். அப்போது வேகமாகப் பேசிச் சரிசெய்யப் பார்க்காமல், ஒரு பகுதியையே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடுமாறினால், அங்கே குறை நாவில் இல்லை, சிந்தனையில் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த இடத்தை எழுதித் தெளிவுபடுத்திக்கொண்டு மறுபடி பேச வேண்டும்.

தனியாக மூன்று நான்கு தடவை பேசிய பிறகு, ஆள் முன்னால் ஒரு தடவையாவது பேசுவது அவசியம். இருவர் போதும்: ஒருவர் துறையை அறிந்தவர், மற்றவர் அறியாதவர். ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்ற மரியாதைப் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, ‘நான் சொன்னதை இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுங்கள், எந்த இடத்தில் கவனம் விலகியது என்றும் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்வது நாம் முதல் நாள் தாளில் எழுதிய வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லையென்றால், கேட்டவரின் புரிதலைக் குறை சொல்லாமல் உரையைத்தான் திருத்த வேண்டும்.

மைக்கும் மேடையும் உள்ள அரங்கில் பேச்சு சற்று மெதுவாகும். சிரிப்புக்கும் இடைநிறுத்தத்துக்கும் நேரம் போகும். ஆகவே 20 நிமிட உரை வீட்டில் 17 அல்லது 18 நிமிடத்தில் முடிந்தால்தான் மேடையில் சரியாக அமையும்.

உரை குறுகியதாக இருந்தால் தயாரிப்பும் குறையும் அல்லவா?

குறையும், ஆனால் அதே விகிதத்தில் குறையாது. அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில் வழக்கமான உரைக்கு 10 நிமிடமும் கேள்விக்கு 2 நிமிடமும் தருவது நெடுநாள் மரபு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய போட்டியில் முனைவர் பட்ட மாணவர் தம் முழு ஆய்வையும் ஒரே ஸ்லைடுடன் 3 நிமிடத்தில் சொல்ல வேண்டும். 2003-இல் டோக்கியோவில் தோன்றிய பெச்சா குச்சா என்ற வடிவத்தில் 20 படங்கள் தலா 20 நொடி தாமாகவே நகரும். மொத்தம் 6 நிமிடம் 40 நொடி. இத்தகைய வடிவங்களில் திசைமாறினால் திரும்பி வர நேரமே இருக்காது என்பதால், ஒவ்வொரு வாக்கியமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு மணி நேர உரையில் சுற்றிவளைத்துப் பேசியும் சமாளித்துவிடலாம்; 5 நிமிடத்தில் அந்தச் சலுகை கிடையாது.

சிலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமலே அருமையாகப் பேசுகிறார்களே?

அப்படித் தோன்றுகிறது என்று சொல்வதே சரி. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையின் புகழ்பெற்ற ‘கனவு’ப் பகுதி, அவர் கையில் வைத்திருந்த எழுத்துப் பிரதியில் இல்லை, பேச்சின் நடுவே அவர் பிரதியைவிட்டு விலகி அதைப் பேசினார். இதைத் தயாரிப்பே தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுபவர்கள், அதே கனவுப் பகுதியை அவர் அதற்கு முன்பே, அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டில் உட்பட, மேடைகளில் பேசியிருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். அன்றைய தாளில் இல்லாவிட்டாலும், அது பல மேடைகளில் பழகிய பகுதி. மாநாடுகளில் குறிப்பே இல்லாமல் பேசும் மூத்தவர்களும் பெரும்பாலும் இந்த வகையினர்தான்: வகுப்பறையிலும் அலுவலகக் கூட்டங்களிலும் அதே விளக்கத்தைப் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லித் தீட்டியிருப்பார்கள்.

நேரடி டெமோ செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். கணினி வரலாற்றில் பெரிதும் பேசப்படும் டெமோவை 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் நடத்திக் காட்டினார். மவுஸ், திரையில் எழுத்தைத் திருத்துதல், தொலைவில் இருப்பவருடன் ஒரே ஆவணத்தில் வேலை செய்தல் எல்லாம் அதில் இடம்பெற்றன. கணினியோ மேடையில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. இரண்டு இடங்களையும் மைக்ரோவேவ் இணைப்பால் சேர்த்து, கேமராக்களை ஒழுங்குபடுத்தி, அரங்கின் பின்புறமிருந்து எல்லாவற்றையும் இயக்கியவர் அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலீஷ். மேடையில் ஒருவர் அமைதியாக அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது மட்டுமே அவையினர் கண்ணுக்குப் பட்டது.

நம்முடைய டெமோக்கள் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல என்றாலும், அதே வகைக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது: அரங்கின் வைஃபை கைவிட்டால் என்ன செய்வது, சர்வர் பதில் தராவிட்டால் எதைக் காட்டுவது, எழுத்துப் பிழையால் கட்டளை ஓடாவிட்டால் எத்தனை நொடி காத்திருப்பது. டெமோ நன்றாக ஓடியபோது எடுத்த வீடியோவை லேப்டாப்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும். 30 நொடிக்குள் சரியாகாவிட்டால் வீடியோவுக்கு மாறிவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மேடையில் நின்று பிழை திருத்திக்கொண்டிருப்பவரை அவை அனுதாபத்தோடு பார்க்கும், ஆனால் அவர் சொல்ல வந்தது என்ன என்பதை மறந்துவிடும்.

கேள்வி நேரத்துக்கு எப்படித் தயாராவது?

தயாரிப்பின்போது வெட்டியெறிந்த பகுதிகள் இங்கேதான் கைகொடுக்கும். அவற்றை இறுதி ஸ்லைடுக்குப் பின்னால் தனியாக வைத்துக்கொண்டால், யாராவது முறையியலைப் பற்றிக் கேட்டதும் உரிய அட்டவணையைத் திரையில் காட்டிவிடலாம். கேட்கப்படக் கூடாது என்று நாம் உள்ளூர அஞ்சும் கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியத்துக்கு மேற்போகாத விடையைத் தயார் செய்வது ஒரு மாலை நேர வேலைதான். அச்சத்தில் பாதி அத்துடன் நீங்கிவிடும். விடை தெரியாத கேள்விக்கு, தெரியாது என்று சொல்லிவிட்டு, அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வாக்கியம் சேர்ப்பது போதுமானது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த நேரத்தைக் குறைக்குமா?

ஸ்லைடு வடிவமைப்பு, படத்துக்கான விளக்கம், எதிர்பார்க்கக்கூடிய கேள்விகளின் பட்டியல் போன்றவற்றில் குறைக்கும். எதை விடுவது என்ற முடிவையும் ஒத்திகையையும் அவை நமக்காகச் செய்ய முடியாது. தாம் எழுதாத உரையைப் பேசுபவர் முதல் துணைக் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

உரை நாளன்று என்னென்ன பார்க்க வேண்டும்?

இடைவேளையின்போதே அரங்குக்குச் சென்று லேப்டாப்பை ப்ரொஜெக்டருடன் இணைத்துப் பார்த்துவிட வேண்டும். திரையின் அகல-உயர விகிதம் 16:9-ஆ, 4:3-ஆ என்பதை முன்பே கேட்டறிந்தால் ஸ்லைடின் ஓரம் வெட்டுப்படாது. மற்றொருவர் கணினியில் எழுத்துரு இல்லாமல் தமிழ் எழுத்துகள் கட்டங்கட்டமாகச் சிதறுவதைத் தவிர்க்க, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் பிரதி ஒன்று பென் டிரைவில் இருப்பது நல்லது. குடிக்கத் தண்ணீர், கிளிக்கருக்கு மாற்று பேட்டரி, அலைபேசி அறிவிப்புகளை நிறுத்திவைத்தல் ஆகியவை சொல்லாமலே தெரிந்தவை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு வாரம்தான் இருக்கிறது, எதைக் குறைக்கலாம்?

ஸ்லைடின் அழகைக் குறைக்கலாம். டெமோவை முழுவதுமாக விட்டுவிடலாம். ஒத்திகையை மட்டும் குறைக்கக் கூடாது. முதல் இரண்டு நாளில் மைய வாக்கியத்தையும் மூன்று துணைக் கருத்துகளையும் முடிவு செய்துகொண்டு, அடுத்த இரண்டு நாளில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தும் தேவையான படங்களும் மட்டுமே கொண்ட ஸ்லைடுகளைச் செய்துவிட்டு, எஞ்சிய நாட்களைப் பேசிப் பார்ப்பதற்கே வைத்துக்கொள்ள வேண்டும். எளிய ஸ்லைடைக் குறை சொல்லும் அவையினர் மிகச் சிலரே. நேரத்தை மீறிப் பேசி அடுத்தவரின் நிமிடங்களை எடுத்துக்கொள்பவரை யாரும் விரும்புவதில்லை.

அதே உரையை வேறொரு மாநாட்டில் பேசினால் மீண்டும் இத்தனை உழைப்பு தேவையா?

தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ போதும். அந்த நேரமும் பெரும்பாலும் அவைக்கேற்ப மாற்றுவதற்குத்தான் போகும். மேற்சொன்ன காத்திருப்பு ஆய்வை மருத்துவமனை நிர்வாகிகளிடம் பேசும்போது கணினி மாதிரியின் உள்விவரங்களைச் சுருக்கி, டோக்கன் முறையை நடைமுறைப்படுத்த ஆகும் செலவையும் பணியாளர் பயிற்சியையும் விரிவாக்க வேண்டியிருக்கும். கணினி வல்லுநர்களிடம் பேசும்போது இது தலைகீழாகும். முதல் உரை முடிந்த அன்று மாலையே, கேட்கப்பட்ட கேள்விகளையும் அவை சலித்த இடங்களையும் ஸ்லைடின் குறிப்புப் பகுதியில் எழுதிவைத்துவிட்டால், சில மாதம் கழித்துத் திறக்கும்போது திருத்த வேண்டிய இடங்கள் தயாராக இருக்கும். பழைய எண்களையும் தேதிகளையும் மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ‘கடந்த ஆண்டு’ என்று எழுதிய இடங்கள் அப்படியே தங்கிவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.